ட்ரம்ஸ்: ஐந்தாம் மாதத்தில் ஏன் எல்லாமே மோசமாகக் கேட்கிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 36, கோவையில் அலுவலக வேலை. ஐந்து மாதமாக வாரம் ஒரு வகுப்பு என்று ட்ரம்ஸ் கற்கிறார். கிட், அதாவது முழு ட்ரம் செட், வகுப்பில் மட்டும்தான். வீட்டில் ஒரு ஜோடி குச்சியும் ரப்பர் பேடும். முதல் இரண்டு மாதம் மடமடவென்று வந்தது. இப்போது வலது கால் வலது கையைப் பார்த்துப் பார்த்து அடிக்கிறது, ஃபில் (பீட்டை நிறுத்திவிட்டு நடுவே போடும் உருட்டல்) போனால் ‘ஒன்’னில், அதாவது அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில், வந்து விழ முடிவதில்லை, பாட்டோடு வாசித்தால் பாட்டை முந்தி ஓடுகிறார். ஃபோனில் பதிவு செய்து கேட்டால் அழுகை வருகிறது. கூடப் படிக்கும் 12 வயதுப் பையன் எங்கேயோ போய்விட்டான். “எனக்கு வருமா, இல்லை விட்டுவிடலாமா?”

வரும். விட வேண்டாம்.

நான் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிறவன், சில வருடங்களாகச் சொல்லியும் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு நல்ல சேதியாகப் பட்டது அந்த அழுகைதான். இரண்டாம் மாதம் பதிவு செய்து கேட்டிருந்தால் ‘அட, பரவாயில்லையே’ என்று நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். அன்றைக்கும் இதே குறைகள் இருந்திருக்கும், இதைவிட அதிகமாகவே இருந்திருக்கும். கேட்கத்தான் தெரிந்திருக்காது.

ஒரு சின்னக் கணக்கு. மெட்ரோனோமை (சீராக டிக் டிக் என்று அடிக்கும் தாளக் கருவி) 80ல், அதாவது நிமிடத்துக்கு 80 எண்ணிக்கையில் வைத்து, ஹை ஹேட்டில் (பெடலால் மூடித் திறக்கும் ஜோடி உலோகத் தட்டு) ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அடி என்று போனால், ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 375 மில்லிநொடி. கிக்கும் (வலது கால் பெடலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஹை ஹேட்டும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் 30, 40 மில்லிநொடி விலகினால் பழகிய காதுக்கு அது இரண்டு சத்தம். பழகாத காது அதை ஒரே சத்தமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடும். உங்கள் காது இந்த ஐந்து மாதத்தில் அந்த இடைவெளியைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. கை இன்னும் வரவில்லை. காது முன்னே போகும், கை சில வாரம் கழித்துப் பின்னால் வரும், அதற்குள் காது இன்னும் கொஞ்சம் முன்னே போயிருக்கும். கற்கிற காலம் முழுக்க இந்தத் துரத்தல் இருக்கும். ஆரம்பத்தில்தான் இது ரொம்ப வலிக்கும், ஏனென்றால் ‘நான் நன்றாக வாசிக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டிருந்த இரண்டு மாதம் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த முதல் இரண்டு மாதம் ஏன் வேகமாகப் போனது என்பதையும் பார்த்துவிடலாம். வகுப்பில் முதலில் கொடுக்கிற பீட் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: வலது கை ஹை ஹேட்டில் எட்டு, கிக் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்னேர் (நேர் முன்னால் இருக்கும் ட்ரம்) இரண்டிலும் நான்கிலும். பெரியவர்களுக்கு இது ஓரிரு வகுப்பில் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடும். இந்த ஒரு பீட்டை வைத்துக்கொண்டு ஏராளமான பாடல்களுக்குச் சேர்ந்து வாசிக்கலாம் என்பதால் பெரிய பாய்ச்சல் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது அதே பீட்டைச் சீராக்குவது: எட்டு ஹை ஹேட்டும் ஒரே அளவு சத்தம், ஸ்னேர் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், கிக் தயங்காமல். இதில் நீங்கள் எவ்வளவு தூரம் வந்தாலும் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு நீங்கள் இன்னமும் அதே பீட்டைத்தான் வாசிக்கிறீர்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

சரி, கால் விஷயத்துக்கு வருவோம். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தரையில் இருந்து தூக்கி, கடிகாரம் சுற்றும் திசையில் வட்டம் போடுங்கள். போட்டுக்கொண்டே வலது கையால் காற்றில் 6 என்று எழுதுங்கள். கால் தானாகத் திசை மாறிவிடும். இதையே இடது கையால் எழுதினால் அவ்வளவு தொந்தரவு இருக்காது. ஒரே பக்கத்துக் கையும் காலும் ஒன்றாக, ஒரே திசையில் போகத்தான் உடம்பு விரும்புகிறது. ட்ரம் கிட்டில் நாம் அந்த இரண்டுக்கும்தான் வெவ்வேறு வேலை கொடுக்கிறோம்: கை எட்டு அடிக்க வேண்டும், கால் இரண்டு மட்டும். மிச்சம் ஆறு இடத்திலும் கால் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருத்தலைத்தான் கற்றுக்கொள்கிறீர்கள். இதை வைத்துத் திறமை இல்லை என்று முடிவு கட்ட முடியாது. வலது கையும் வலது காலும் இருக்கிற எல்லாரும் இங்கே மாட்டித்தான் வெளியே வந்திருக்கிறார்கள்.

வெளியே வர நான் கொடுக்கிற பயிற்சி இது. மெட்ரோனோம் 60. ஹை ஹேட்டில் எட்டு, ஸ்னேர் இரண்டிலும் நான்கிலும், இதை மாற்றவே கூடாது. கிக் மட்டும் ஒரு பாருக்கு, அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு, ஒரே ஒரு தடவை. முதல் நான்கு பார் ‘ஒன்’னில். அடுத்த நான்கு பார் ஒன்றுக்கு அடுத்த ‘அண்ட்’டில், அதாவது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். பிறகு இரண்டில், இரண்டின் அண்டில் என்று எட்டு இடத்துக்கும் கிக்கை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முழுச் சுற்றும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். இரண்டிலும் நான்கிலும் கிக் வரும்போது மூன்று உறுப்பும் ஒன்றாக இறங்கும்; அங்கே சத்தம் ‘தட்’ என்று ஒன்றாக விழுகிறதா, ‘தட-ட்’ என்று சிதறுகிறதா என்று கவனியுங்கள். அண்டில் வரும் இடங்களில் கால் ஒரு கணம் யோசிக்கும். எந்த இடத்தில் யோசிக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கேயே தங்குங்கள். வாயால் ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்று சத்தமாக எண்ணியே ஆக வேண்டும். மனதுக்குள் எண்ணுகிறேன் என்பவர்கள் கஷ்டமான இடம் வந்ததும் எண்ணிக்கையைத்தான் முதலில் கைவிடுகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

வீட்டில் பெடல் இல்லையே என்பீர்கள். தேவையில்லை. ஸ்டூல் உயரத்தைப் பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்து இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலி பலருக்குத் தாழ்வாக இருக்கும், ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். பேட் ஸ்னேர் இருக்கும் இடத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே. இடது பக்கம் இன்னொரு தலையணையை நாற்காலியில் வைத்தால் அது ஹை ஹேட். காலில் ஷூ போட்டுக்கொண்டு, குதிகாலை லேசாகத் தூக்கி, முன்பாதத்தால் தரையைத் தட்டுங்கள். ஷூ எதற்கு என்றால், காலின் அடி காதில் விழ வேண்டும். வெறுங்காலால் தட்டினால் தப்பு சத்தம் போடாது, நீங்களும் சரியாக வாசிக்கிறதாக நினைத்துக்கொள்வீர்கள். கீழ்வீட்டுக்காரர் கேட்டால் மடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்த சுவரையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வரும்போது பயப்படாமல் இருக்க. இதுவரை கிக் எங்கே விழுந்தாலும் ஹை ஹேட்டின் ஏதோ ஓர் அடியோடு சேர்ந்துதான் விழும். ஓர் எண்ணிக்கையை நான்காகப் பிரித்து, இரண்டு ஹை ஹேட் அடிக்கு நடுவே கிக் வைக்கச் சொல்லும் நாள் வரும். அங்கே கால் முதல்முறையாகத் தனியே போக வேண்டும். மறுபடியும் ‘எனக்கு ஒன்றுமே தெரியவில்லை’ என்று தோன்றும். எட்டாவது, பத்தாவது மாதத்தில் இது வந்தால் சரியான நேரத்தில் வருகிறது என்று அர்த்தம்.

இப்போது ஃபில். நான் பார்த்த வரையில் ஆரம்பக்காரர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், இதைத்தான் வகுப்புகளில் ரொம்ப மேலோட்டமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘ஸ்னேரில் நாலு, டாமில் நாலு, அடுத்த டாமில் நாலு, ஃப்ளோர் டாமில் நாலு, க்ராஷ்’ என்று கை போகும் வழியைக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள் (டாம் என்பவை ஸ்னேரைச் சுற்றி இருக்கும் ட்ரம்கள், ஃப்ளோர் டாம் அவற்றில் பெரியது, க்ராஷ் ஓங்கி அடிக்கும் உலோகத் தட்டு). கை வழி தப்பினால் அந்த வாரமே சரியாகிவிடும். ‘ஒன்’ தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கையில் இல்லை.

அடுத்த வகுப்பில் உங்களையே கவனித்துப் பாருங்கள். ஃபில் தொடங்கியதும் வலது கால் நின்றுவிடும். ஹை ஹேட் நின்றுவிட்டது, கிக் நின்றுவிட்டது, கூடவே வாய் எண்ணுவதும் நின்றிருக்கும். பீட் போகும்போது உங்களை நேரத்தோடு கட்டிப்போட்டிருந்த எல்லாக் கயிறும் ஒரே நொடியில் அறுந்துவிட்டது. அதோடு, ‘இப்போது ஏதோ பெரிதாக அடிக்கப் போகிறேன்’ என்ற பரபரப்பு வேறு. 80 வேகத்தில் ஒரு பார் ஃபில் மொத்தமே 3 நொடி. அதில் 16 அடி, அடிக்கு அடி 187 மில்லிநொடி சொச்சம். பரபரப்பில் ஒவ்வோர் அடியும் பத்துப் பத்து மில்லிநொடி முந்தினால், முடிவில் ஏறக்குறைய ஓர் அடி முழுசாக முன்னே வந்து நிற்பீர்கள். பாட்டில் ‘ஒன்’ வரும்போது நீங்கள் அதைத் தாண்டி எங்கேயோ இருப்பீர்கள்.

அதனால் ஃபில்லை வெறும் பாரில் இருந்து தொடங்குங்கள். மூன்று பார் பீட், நான்காவது பாரில் ஒன்றுமே அடிக்காமல் வாயால் மட்டும் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’, அடுத்த ‘ஒன்’னில் க்ராஷும் கிக்கும் சேர்த்து. கேட்கச் சுலபமாக இருக்கிறதா? மெட்ரோனோமோடு பத்துத் தடவை தொடர்ந்து சரியாக வருகிறதா என்று பாருங்கள். முதல் நாள் பலருக்கு வருவதில்லை, கை அரிக்கும். அது வந்த பிறகு அந்த வெறும் பாரில் நான்கு அடி மட்டும், எண்ணிக்கைக்கு ஒன்று, எல்லாம் ஸ்னேரிலேயே. பிறகு எட்டு. பிறகு பதினாறு. கடைசியாகத்தான் டாம் பக்கம் போக வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆனாலும் ஆகட்டும். அதோடு இன்னொன்று: ஃபில் நடக்கும்போது இடது கால் ஹை ஹேட் பெடலில் ‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ என்று மிதித்துக்கொண்டே இருக்கப் பழகிக்கொண்டால், அறுந்த கயிறுகளில் ஒன்றாவது கையில் இருக்கும். நாலு உறுப்பில் இடது காலைத்தான் யாரும் ஆரம்பத்தில் கவனிப்பதில்லை, எனக்குக் கேட்டால் அதுதான் சீக்கிரம் பலன் தரும்.

வலது, இடது என்று மாற்றி மாற்றி 16 அடித்தால் கடைசி அடி இடது கையில் முடியும், க்ராஷுக்கு வலது கை காலியாக இருக்கும். நடுவில் ஓர் அடி விட்டுப்போனால் கடைசி அடி வலது கையில் வரும், உடனே கை பின்னிக்கொள்ளும். ஃபில் முடிவில் கை குழம்புகிறது என்றால் க்ராஷைப் பழக வேண்டாம், நடுவில் எங்கே ஓர் அடி தின்றுவிட்டீர்கள் என்று தேடுங்கள். அநேகமாக முதல் டாமில் இருந்து இரண்டாவது டாமுக்குத் தாவும் இடமாக இருக்கும். (வலது கைதான் முதலில் போக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களுக்கு வைக்கிற மாதிரி வைத்த கிட்டில்தான் வாசித்தார். அவருடைய ஃபில்கள் தனி மாதிரி இருப்பதற்கு அவரே சொல்கிற காரணம் அது. ஆனால் ஐந்தாம் மாதத்தில் ஒரு வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.)

எண்ணுவதற்கு ‘ஒன் ஈ அண்ட் அ’ என்று வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். நாக்கு தடுக்கினால் ‘தகதிமி’ என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊர்க் காதுக்கு நான்கு அசை சமமாக விழுவது அதில் சுலபம். ஃபில் பாரில் நான்கு தகதிமி சொல்லி, ‘ஒன்’னில் ‘தாம்’ என்று இறங்குங்கள். மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மோராவும் கோர்வையும் போட்டுப் பாட்டின் எடுப்பில் வந்து சேரும் அந்த இடம் தெரிந்தவர்களுக்கு, ஃபில் என்பதும் ‘ஒன்’ என்பதும் புதிய விஷயமே இல்லை. வாசிக்கிறதற்கு முன்னால் வாயால் சொல்வது என்ற பழக்கம் நம் தாள வாத்தியக்காரர்களிடம் இருக்கிறது. ட்ரம்ஸ் வகுப்புகளில் அதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. வாயில் வராத ஃபில் கையில் வராது.

பாட்டை முந்துவதைப் பற்றி. இது உங்கள் குணக்கோளாறு இல்லை. மெட்ரோனோமோடு விரலால் தட்டச் சொன்னால்கூட மனிதர்கள் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே தட்டுகிறார்கள் என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். வேகம் குறையக் குறைய அது இன்னும் சிரமம். 50ல் ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே 1.2 நொடி, அந்த வெற்றிடத்தைத் தாங்க முடியாமல் கை போய் விழுந்துவிடும். அதற்காகத்தான் உள்ளே ‘தகதிமி’ ஓட வேண்டும், வெற்றிடம் நான்கு துண்டாகிவிடும். ‘மெதுவாக வாசி’ என்று ஆசிரியர் சொல்வதைச் சுலபமாக வாசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 120ல் ஒளிந்துகொள்ளும் தப்பெல்லாம் 60ல் வெளியே வரும். மெட்ரோனோம் செயலிகள் பலவற்றில் இரண்டு பார் சத்தம், இரண்டு பார் மௌனம் என்று வைக்க வசதி உண்டு. மௌனம் முடிந்து சத்தம் திரும்பும்போது நீங்கள் முன்னால் இருக்கிறீர்களா, பின்னால் இருக்கிறீர்களா என்று தெரியும். பெரும்பாலும் முன்னால்தான் இருப்பீர்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்து, எவ்வளவு என்று மட்டும் குறித்து வையுங்கள். உங்கள் முன்னேற்றத்தைக் காட்ட இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

எந்தப் பாட்டோடு வாசிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இதில் தமிழ்ப் பாட்டு வாசிக்க ஆசைப்படுகிற எல்லாரும் விழுகிற குழி ஒன்று உண்டு. வகுப்பில் கற்பது நான்கின் கணக்கு. நம்மைத் துள்ள வைக்கிற பாட்டில் ஒரு பெரும் பங்கு, அதாவது கானா, கும்மி, தெம்மாங்குச் சாயல், டப்பாங்குத்து என்று வருபவை, மூன்றின் கணக்கில் ஓடும். ட்ரம்ஸ்காரர்கள் சிக்ஸ் எய்ட் என்பார்கள். அதன் மேல் எட்டு ஹை ஹேட் பீட்டைப் போட்டால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ஒட்டாது, நீங்கள் உங்களைத்தான் குறை சொல்லிக்கொள்வீர்கள். வாசிக்கும் முன் பாட்டைப் போட்டு ‘தகதிமி தகதிமி’ சொல்லிப் பாருங்கள்; நாக்கு இடறினால் ‘தகிட தகிட’ சொல்லுங்கள், சட்டென்று உட்காரும். அப்படி உட்கார்ந்தால் ஹை ஹேட்டில் ஆறு, முதல் அடியில் கிக், நான்காவது அடியில் ஸ்னேர். இவ்வளவுதான் அடிப்படை. ஐந்து மாதக்காரருக்கு இது தாராளமாக வரும், உற்சாகமும் தரும். ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பழைய பாடல்களில் பலவும் க்ளிக் (பதிவின்போது காதில் ஓடும் மெட்ரோனோம் சத்தம்) இல்லாமல் மொத்தக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தவை. சரணத்தில் வேகம் லேசாக ஏறும், இறங்கும். அது அவற்றின் அழகு, ஆனால் கற்கிறவருக்குக் குழப்பம்: முந்துவது நீங்களா பாட்டா என்று தெரியாது. இப்போதைக்குக் கணினியில் க்ளிக் வைத்துச் செய்த சமீபத்திய பாடலாக, வேகம் 75க்கும் 95க்கும் நடுவில் இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட் பயிற்சிக்கு வருகிறேன். பேட் ஒரு பொய் சொல்லும்: ரப்பர் குச்சியை நன்றாகத் திருப்பி எறியும். இரட்டை அடி, அதாவது வலது வலது இடது இடது, பேடில் அழகாக வரும். அதையே ஃப்ளோர் டாமில் அடித்தால் இரண்டாவது அடி காணாமல் போய்விடும், ஏனென்றால் அகலமான, தளர்ந்த தோல் அவ்வளவாக எறியாது. அதனால் வாரத்தில் ஒருநாள் தலையணை மேல் அடித்துப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். மணிக்கட்டு வேலை செய்கிறதா, ரப்பர் வேலை செய்ததா என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் தலையணையில் அடிக்க வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும்.

ருடிமெண்ட் (அடிப்படை அடி வகைகள்) என்ற பெயரில் ஒரு நீளமான தாள் கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984ல் வகுத்த பட்டியலில் 40 இருக்கின்றன. அதற்கு முன் பல காலம் புழங்கிய பட்டியலில் 26. பெரும்பாலும் ராணுவ அணிவகுப்பு ட்ரம்மில் இருந்து வந்தவை. முதல் வருடத்துக்கு மூன்று போதும்: ஒற்றை அடி, இரட்டை அடி, பாராடிடில். கடைசியாகச் சொன்னது வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இந்த மூன்றும் 60ல் இருந்து 100 வரை, ஒவ்வோர் அடியும் ஒரே சத்தத்தில் வருகிற அளவுக்கு வந்தாலே நிறைய. நாற்பதையும் சுவரில் ஒட்டிவைத்துத் தினம் ஒன்று என்று போகிறவர்கள் மூன்றாவது வாரம் நிறுத்திவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

குச்சி எது என்று கேட்டிருந்தீர்கள்: 5ஏ என்ற அளவு, ஹிக்கரி மரம். கை ரொம்பச் சின்னது என்றால் 7ஏ. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பிடியை மட்டும் கவனியுங்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் குச்சியைப் பிடிக்கும், மற்ற மூன்றும் சும்மா அணைத்திருக்கும். அடித்ததும் குச்சி தானாக எழுந்து வர வேண்டும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கொப்புளம் வந்தால் கவலைப்படாதீர்கள், காய்த்துப்போகும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பெரியவர்கள் தோளைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். ஃபில் வரும்போது மூச்சை நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். நிறுத்துவீர்கள்.

அந்தப் பையன். அவன் தப்பு செய்தால் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறான், நீங்கள் தப்பு செய்ததும் நின்று, ‘சாரி சார்’ சொல்லி, முதலில் இருந்து தொடங்குகிறீர்கள். ஒரு மணி நேர வகுப்பில் அவன் வாசிக்கும் நேரம் உங்களைவிட மிக அதிகம். உங்களிடம் இருக்கும் சாதகம், ஏன் தப்பாகிறது என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும், அந்த ஒன்றை மட்டும் பிடித்து வேலை செய்ய முடியும். ஆனால் பாட்டு ஓடும்போது நிற்காதீர்கள். ‘ஒன்’ தவறினால் கையை நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டே இருந்து, அடுத்த ‘ஒன்’னில் ஏறிக்கொள்ளுங்கள். மேடையில் எங்களுக்கும் தவறும். எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது, திரும்ப ஏறத் தெரியும், அவ்வளவுதான். இதைத் தனிப் பயிற்சியாகவே செய்யலாம்: பாட்டு ஓடும்போது வேண்டுமென்றே இரண்டு பார் கையைக் கட்டிக்கொண்டு, மறுபடி ஏறுங்கள்.

நேரம் எவ்வளவு என்றால், தினம் 20 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்று உட்காருவதைவிட மேல். பத்து நிமிடம் கை, ஐந்து நிமிடம் கிக்கை நகர்த்தும் பயிற்சி, ஐந்து நிமிடம் வெறும் பார் ஃபில். வகுப்பில் கிட் கிடைக்கும் நேரத்தைப் பேடில் செய்யக்கூடியதற்குச் செலவழிக்காதீர்கள். பெடல், டாமுக்கு டாம் தாவுவது, க்ராஷ், இவற்றுக்கு மட்டும் வையுங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு தடவை தனியாகப் போய்ப் பாருங்கள், ஆசிரியர் பார்க்காத இடத்தில் கை எவ்வளவு இளகுகிறது என்று தெரியும். ட்ரினிட்டி, ராக்ஸ்கூல் கிரேடுத் தேர்வு எழுதலாமா என்றால், எழுதலாம், ஒழுங்கு வரும். ஆனால் இப்போது வேண்டாம். முதலில் முழுசாக மூன்று பாட்டு, நிற்காமல், தொடக்கம் முதல் முடிவு வரை வாசிக்க வரட்டும். அது இந்த வருடக் கடைசிக்குள் வரும் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரானிக் கிட் வாங்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: அடுக்குமாடி என்றால் வலைத்தோல் (மெஷ்) வைத்ததைப் பாருங்கள், ரப்பர் வேண்டாம். அப்போதும் கிக் பெடலின் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும், ஹெட்ஃபோன் போட்டிருக்கும் உங்களுக்கு அது தெரியாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து அதன் மேல் கிட்டை வைப்பது பலரும் செய்கிற ஏற்பாடு, நன்றாகவே வேலை செய்கிறது. ஹெட்ஃபோன் ஒயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் அடித்ததற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம் விழும், உங்கள் இப்போதைய தொல்லைக்கு அது நல்லதே இல்லை.

ஆனால் கிட்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம். இந்த மாதம் வாங்க வேண்டியது காதடைப்பான். சத்தம் 85 டெசிபலில் இருந்தால் 8 மணி நேரம் வரை தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான் வரும். சின்ன அறையில் நிஜமான ட்ரம் கிட் அதைச் சுலபமாகத் தாண்டும், உங்கள் வகுப்பறை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாவிட்டாலும். மருந்துக்கடையில் கிடைக்கிற பஞ்சு மாதிரியான நுரை அடைப்பான்கூட ஆரம்பத்துக்குப் போதும். அதை விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டு, அது விரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். சும்மா வாசலில் சொருகி வைத்தால் பெரிதாகப் பயன் இல்லை. பையனுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.